அம்மா கண்டதைச் சொன்னார்

பலேர்மோவில் மற்றவர்கள் வீட்டு மாபிள் தரையில் விளையாடி வளர்ந்தவர்களே, உங்களுக்கும் இப்போது என்னைப் போல முழங்கால் வலி தொடங்கியிருக்கும். தலைக்குச் சாயம் பூசுகிறீர்கள், மாத்திரைப் பெட்டியைக் கைப்பையில் கொண்டு திரிகிறீர்கள். ஒரு கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ சந்தித்தால் உடனே அந்தக் காலத்தைப் பேசத் தொடங்கிவிடுகிறீர்கள். எவ்வளவு சந்தோசமாக இருந்தோம், எங்கள் அம்மாமார் எப்படி மாடாக உழைத்தார்கள், வேலை தந்தவர்கள் எவ்வளவு தங்கமானவர்கள். போன மாதமும் அப்படித்தான். நானும் உங்களோடு இருந்து தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் ஒரு கோடைகாலத்தை மட்டும் சொல்கிறேன். இது இனிக்காது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்துச் சனம் மழையில் ஊரை விட்டு நடந்த செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்து, அதற்கு அடுத்து வந்த கோடை. நாங்கள் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். பலேர்மோவின் சீசா என்ற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தோம். கீழே கோழி சுடும் கடை. காலையிலேயே புகை மேலே ஏறி எங்கள் உடுப்பு, தலையணை, செபமாலை எல்லாவற்றிலும் படிந்துவிடும். அப்பா ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அம்மா லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் மூடியதும் அம்மா என்னையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். பெட்டையைத் தனியாக வீட்டில் விடமுடியாது என்பது அப்பாவின் சட்டம்.

அம்மா வேலை செய்த கட்டடத்தின் லிஃப்ட் இரும்புக் கூண்டு. பித்தளைக் கைப்பிடி மினுங்கும். அதில் நாங்கள் ஏறக்கூடாது. கையில் குழந்தை இருந்தால் மட்டும் அம்மா ஏறலாம். குழந்தை இல்லாமல் வரும்போது அம்மாவும் நானும் படியால் ஏறுவோம். அந்தப் படிகளைக் கழுவுகிறவர் ஒரு மொரிசியஸ்காரி. அவருடைய மகளுக்கு என் வயது. அவளும் கோடை முழுக்கத் தாயோடு அங்கேதான் கிடந்தாள். படியின் குளிர்ச்சியில் உட்கார்ந்து அவளும் நானும் பலேர்மோ இத்தாலியனில் கதைப்போம். அவர்கள் மொரிசியஸ் தீவுக்குப் போன தமிழரின் வம்சம். தமிழ்ப் பெயர் வைத்திருந்தார்கள், காவடி எடுத்தார்கள், ஆனால் தமிழ் தெரியாது. வீட்டில் கிரெயோல் பேசினார்கள். கப்பலில் போன பிரெஞ்சுக்காரர் அந்தத் தீவில் விட்டுவிட்டுப் போன பேச்சு அது. எங்கள் ஆட்கள் அவர்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தமிழ் தெரியாத தமிழர் என்று சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார்.

வீட்டுக்குள் இரண்டு சின்யோராக்கள், எசமானி அம்மாக்கள். பெரிய சின்யோரா மாமியார். வீடு அவருடையது, கடற்கரை வீடு அவருடையது, சாவிக் கொத்து அவருடைய இடுப்பில். அம்மாவின் வேலைப் பத்திரமும் அவருடைய பெயரில்தான் இருந்தது. அதைக் காட்டித்தான் எங்கள் பெர்மெஸ்ஸோவை, அதாவது அந்த நாட்டில் இருக்கும் அனுமதியை, புதுப்பிக்கவேண்டும். அவருடைய ஒரே மகன் எஞ்சினியர். கனடாவில் ஒரு துறைமுக வேலைக்குப் போய், திரும்பி வரும்போது சின்னச் சின்யோராவைக் கட்டிக்கொண்டு வந்தவர். பெரிய சின்யோரா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், என் மருமகள் கனடாக்காரி, என் பேரன் பால் குடிக்கும்போதே ஆங்கிலம் பேசுவான் என்று.

சின்னச் சின்யோரா உயரமானவர். கழுத்தெல்லாம் வெயில் புள்ளி. கை மட்டும் சொரசொரப்பாக இருக்கும். சின்ன வயதில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் தாயோடு நின்றவர், பிறகு படித்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். அவருடைய ஊர் கனடாவின் கிழக்குக் கரையில், கடலோடு ஒட்டியது. அந்த நாட்டில் ஆங்கிலக்காரர்தான் பெரும்பான்மை. அந்தக் கரையோரத்தில் மட்டும் சில ஊர்களில் அவருடைய சனம் தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சு பேசிக்கொண்டு இருந்தது. பிள்ளை பிறந்த அன்றைக்கே அவர் அந்தப் பேச்சில்தான் அவனைக் கூப்பிட்டாராம்.

பெரிய சின்யோராவுக்கு அது பெரிய இடி. ஆங்கிலம் என்று நினைத்த இடத்தில் பிரெஞ்சு. அதுவும் அவர் கன்னியாஸ்திரிகளிடம் படித்த பாரிஸ் பிரெஞ்சு இல்லை. மீன்காரியின் பாஷை என்று அம்மாவிடமே சொன்னார். ஆங்கிலம் பேசு, ஆங்கிலம் பேசு என்று மருமகளை அரித்தார். சின்னச் சின்யோராவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். வங்கியில் பேசுவேன், ஆஸ்பத்திரியில் பேசுவேன், என் பிள்ளைக்குத் தாலாட்ட அது எனக்கு வராது என்றார். எஞ்சினியர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அந்த மனுசன் அந்தக் கோடை முழுக்கப் பேப்பருக்குப் பின்னால்தான் இருந்தார். இப்போது நினைத்தாலும் அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்கவேண்டும் போல இருக்கிறது.

ஒருநாள் சின்னச் சின்யோராவும் நானும் குழந்தையோடு வெளியே போகப் படியில் இறங்கினோம். அவனுடைய சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருந்தது. சின்னச் சின்யோராவின் இரண்டு கையிலும் பை. யாரையும் பார்க்காமல் தன்பாட்டில் ஏதோ சொன்னார். அதில் அமார் என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. என் தோழி, படியில் உட்கார்ந்திருந்தவள், குனிந்து கயிற்றைக் கட்டிவிட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சின்னச் சின்யோரா பையைக் கீழே வைத்தார்.

"உனக்கு எப்படி விளங்கியது?" என்று கேட்டார்.

"எங்கள் வீட்டிலும் அப்படித்தானே சொல்வோம்" என்றாள் அவள்.

கட்டு என்பதற்கு இரண்டு பேருக்கும் ஒரே சொல். இப்போது என்பதற்கும் ஒரே சொல், அஸ்தேர். திரும்பு என்பதற்கும் ஒன்றேதான். ஈரப் படியிலேயே சின்னச் சின்யோரா உட்கார்ந்துவிட்டார். மாறி மாறிச் சொல் கேட்டார்கள், சொன்னார்கள், சிரித்தார்கள். தோழியின் தாயும் துடைப்பத்தோடு வந்து நின்று இரண்டு மூன்று சொல் கொடுத்தார். எல்லாம் பழைய கப்பல்காரர் சொற்கள் என்று சின்னச் சின்யோரா எங்களுக்கு விளங்கப்படுத்தினார். கயிற்றால் கப்பலைக் கட்டின சொல்லைக் கொண்டு ஒரு கூட்டம் வடக்கே போனது, ஒரு கூட்டம் இந்து சமுத்திரத்துக்குப் போனது. பாரிஸ்காரர் அந்தச் சொற்களைக் கடற்கரையிலேயே விட்டுவிட்டார்கள். என் தோழி அப்போதுதான் சொன்னாள், இதே சொற்களை எழுதினதற்குத் தன் பிரெஞ்சு ஆசிரியை சிவப்புப் பேனையால் வெட்டி, இது சமையற்காரிகளின் பேச்சு என்று வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார் என்று. அதைக் கேட்டுச் சின்னச் சின்யோராவின் முகம் சிவந்தது. அவருக்கும் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் அதுதான் நடந்ததாம்.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் வந்து நின்றது. கூண்டுக்குள் பெரிய சின்யோரா. வேலைக்காரப் பெட்டைகளோடு படியில் உட்கார்ந்திருக்கும் மருமகளைக் கம்பிகளுக்குள்ளால் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து தோழிக்கு அந்த வீடு இருந்த மாடிக்கு ஏறி வரத் தடை.

குழந்தைக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. பேசின கொஞ்சமும் தாயின் பேச்சு. பெரிய சின்யோரா அவனை ஒரு பேச்சு நிபுணரிடம் கொண்டு போனார். இரண்டு பாஷை காதில் விழுந்தால் பிள்ளை குழம்பும், ஒன்றை நிறுத்துங்கள் என்று அவர் சொன்னாராம். எதை நிறுத்தவேண்டும் என்று யாரும் கேட்கவே இல்லை. அன்றையிலிருந்து மேசையில் இத்தாலியன் மட்டும். சின்னச் சின்யோரா பிள்ளையைக் குளிக்க வார்க்கும்போது, கதவைப் பூட்டிக்கொண்டு, தன் பேச்சைப் பேசினார். குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவார், வெளியே கேட்காமல் இருக்க. தன் வீட்டில், தன் பிள்ளையோடு.

அம்மாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு மத்தியானம் அம்மா உடுப்பு மினுக்கிக்கொண்டு இருந்தார். சின்னச் சின்யோரா சமையலறையில் கோப்பி குடித்துக்கொண்டே தன் சனத்தின் கதையைச் சொன்னார். பல தலைமுறைகளுக்கு முன்னால் ஆங்கிலேயச் சிப்பாய்கள் வந்து ஆம்பிளைகளைக் கோயிலுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள். தாய் ஒரு கப்பல், பிள்ளை ஒரு கப்பல் என்று ஏற்றி எங்கெங்கோ கொண்டுபோய் இறக்கினார்கள். பிழைத்தவர்களில் சிலர் காட்டு வழியே நடந்து திரும்பி வந்தார்கள். அந்தப் பெண்களின் வம்சம் நாங்கள் என்றார்.

அம்மா மினுக்குப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். உடைந்த இத்தாலியனில், எங்களையும் கோயிலுக்குள்தான் போகச் சொன்னார்கள், நாங்களும் நடந்தோம், என் தமையனை எந்தப் பக்கம் கொண்டு போனார்கள் என்று இன்றைக்கும் தெரியாது என்றார். அம்மா அதை எங்களுக்குக்கூட அப்படிச் சொன்னதில்லை. சின்னச் சின்யோரா எழும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேசையில் ஒரு சட்டையின் கை பாதி மினுங்கி, பாதி கசங்கிக் கிடந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அம்மா பிறகு அதைச் செய்தார்.

ஆகஸ்ட் பதினைந்து. மாதாவின் பெருநாள். மன்னார்க்காரரான எங்களுக்கு அது மடுக் கோயில் திருநாள். பலேர்மோக்காரருக்குக் கடற்கரைத் திருநாள். கடைகள் பூட்டு, தெருவில் நாய் கூட இல்லை, கொதிக்கும் காற்று. பெரிய சின்யோராவும் எஞ்சினியரும் கடற்கரை வீட்டுக்குப் போய்விட்டார்கள். குழந்தைக்கு முதல் நாள் காய்ச்சல் காய்ந்தபடியால் அவனும் தாயும் நகரத்திலேயே நின்றார்கள். அம்மாவும் நின்றார், நானும் நின்றேன். அன்றைக்குத் தடுக்க ஆளில்லை என்று சின்னச் சின்யோரா என் தோழியையும் மேலே கூப்பிட்டார். பெரிய சின்யோரா வத்தகப்பழச் சாற்றில் களி செய்து, மேலே மல்லிகைப் பூ வைத்து, குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். தான் திரும்பி வரும்வரை தொடக்கூடாது என்று. சின்னச் சின்யோரா அதை எடுத்து எங்கள் எல்லோருக்கும் பங்கிட்டார். மல்லிகை வாசம் தொண்டை வரைக்கும் போனது. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவன் வாயெல்லாம் சிவப்பு.

பின்னேரம் சின்னச் சின்யோரா தன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கொடியை எடுத்தார். நீலம், வெள்ளை, சிவப்பு. நீலத்தின் மேல் ஒரு மஞ்சள் நட்சத்திரம். அது மாதாவின் நட்சத்திரம், இன்றைக்கு எங்கள் சனத்தின் நாள் என்றார். அம்மாவின் கண் விரிந்தது. இன்றைக்கு எங்கள் மாதாவுக்கும் நாள் என்று அம்மா சொன்னார். கொடியைப் பல்கனிக் கம்பியில் கட்டினோம். ஊரில் இந்த நேரம் எல்லோரும் தெருவுக்கு வந்திருப்பார்கள், சட்டி, மூடி, தகரம், அகப்பட்டதை எடுத்து அடிப்பார்கள், நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்று கேட்கிறவனுக்குக் கேட்கட்டும் என்றார் அவர். கண்டபடி சத்தம் போட வேண்டியதுதான், அதற்கு வேறு விதி இல்லை.

அடித்தோம். சின்னச் சின்யோரா பாஸ்தா அவிக்கிற பெரிய சட்டியை அடித்தார். தோழி இரண்டு மூடிகளை மோதினாள். நான் ஒரு தகர வாளி. குழந்தை கரண்டியால் கம்பியை அடித்து அடித்துக் கத்தினான். அவன் அவ்வளவு பெரிதாகச் சிரித்து நான் கண்டதில்லை. அம்மா முதலில் கதவடியில் நின்றார். பிறகு ஒரு அகப்பையையும் தாச்சியையும் எடுத்துக்கொண்டு வந்தார். மடு மாதாவே என்று சொல்லி அடித்தார். என் அம்மா. வேர்வையில் தலைமயிர் நெற்றியில் ஒட்ட, சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு, தெருவுக்குக் கேட்க. அம்மாவை அப்படி அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

எனக்கு நாற்பது வயது கடந்த பிறகு, ஒருநாள் கைத்தொலைபேசியில் ஒரு காணொளி பார்த்தேன். அந்தக் கரையோர ஊர் ஒன்று. தெரு நிறையச் சனம், முகத்தில் நட்சத்திரம் பூசிக்கொண்டு, பாட்டன், பேத்தி, பாதிரியார், எல்லோரும் சட்டி அடிக்கிறார்கள். ஒரு ஊரே செய்கிறது. அதை ஒருத்தி தனியே செய்ததற்குத்தான் பலேர்மோவில் விசர் என்று பெயர் வைத்தார்கள்.

எதிர்க் கட்டடத்தில் ஊருக்குப் போகாமல் நின்ற ஒரு கிழவர் பெரிய சின்யோராவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். இருட்டுவதற்கு முன்னமே அவர்கள் வந்துவிட்டார்கள். எஞ்சினியரின் காலில் கடல் மணல் ஒட்டியிருந்தது. பெரிய சின்யோரா நேரே பல்கனிக்குப் போனார். கொடியைப் பார்த்தார். வெறுமையான களித் தட்டைப் பார்த்தார். என் தோழியைப் பார்த்தார்.

"காய்ச்சல்காரப் பிள்ளையை வைத்துக்கொண்டு" என்றார். அவ்வளவுதான். கத்தவில்லை. கொடியை அவிழ்த்து மடிக்கும்படி அம்மாவிடம் சொன்னார். அம்மா மடித்தார். நான் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். தாச்சி கழுவிக் கவிழ்த்திருந்தது. அகப்பை அதன் கொளுக்கியில் தொங்கியது. லிஃப்ட் சத்தம் கேட்டதும் அம்மா எவ்வளவு வேகமாக வேலை பார்த்திருக்கிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

செப்டெம்பரில் எஞ்சினியர் பிரிய முடிவு செய்தார். முடிவு அவருடையதா தாயுடையதா என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை யாருக்கு என்பதுதான் வழக்கு. தாய்க்குப் புத்தி சரியில்லை என்று காட்டவேண்டும். அதற்குக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். பெரிய சின்யோரா அம்மாவைக் கூப்பிட்டு, வக்கீலிடம் வந்து கண்டதை மட்டும் சொன்னால் போதும் என்றார். வேலைப் பத்திரம் புதுப்பிக்கவேண்டிய மாதம் அது என்பதையும் நினைவுபடுத்தினார், மிகவும் அன்பாக.

அன்றைக்கு வீட்டில் சோறு போடும்போது அம்மா அதை அப்பாவிடம் சொன்னார். அப்பா சாப்பாட்டில் இருந்து தலை நிமிரவில்லை.

"நாங்கள் என்ன பொய்யே சொல்லப் போறம்? கண்டதைச் சொல்லு. பத்திரம் இல்லாமல் குவெஸ்தூராவிலை போய் என்னத்தைக் காட்டுறது? அவ வெள்ளைக்காரி, அவவுக்குப் போறதுக்கு ஒரு நாடு இருக்கு. எங்களுக்கு இருக்கோ?"

குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரின் பெயரைக் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் வாய் மூடுவோம். அம்மாவும் மூடினார். நான் மட்டும், அவ விசர் இல்லை அப்பா என்றேன். பெரியாக்கள் கதைக்கேக்கை நீ கதைக்காதை என்று அப்பா சொன்னார்.

நகர நடுவில், பொலிதேயாமாவில், வக்கீலின் கந்தோர். கீழே கண்ணாடிக் கடைகள், மேலே கறுத்த மரக் கதவுகள். அம்மாவின் இத்தாலியன் போதாது, ஒரு சொல் விளங்காவிட்டால் கேட்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வக்கீல் நல்ல மரியாதையாகக் கேட்டார். மருமகள் பல்கனியில் சட்டி அடித்தாரா? ஓம். கத்தினாரா? ஓம். பிள்ளையின் கையிலும் கரண்டி கொடுத்தாரா? ஓம். பிள்ளைக்கு முதல் நாள் காய்ச்சலா? ஓம். குளியலறையைப் பூட்டிக்கொண்டு தனக்குள் ஏதோ பேசுவாரா? ஓம். என்ன பாஷை? எனக்குத் தெரியாது.

நான் தமிழில் சொன்னேன், "நீங்களும் அடிச்சனீங்கள்தானே அம்மா? அதைச் சொல்லுங்கோ."

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. பிள்ளை என்ன சொல்கிறாள் என்று வக்கீல் கேட்டார்.

"அவவுக்கு ஒண்ணுக்கு வருதாம்" என்று அம்மா இத்தாலியனில் சொன்னார்.

ஒரு பெண் வந்து என்னைக் கையில் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு வரவில்லை, நான் பேசவேண்டும் என்று நான் இத்தாலியனில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு மிட்டாய் தந்தார். நான் திரும்பி வந்தபோது கதவு பூட்டியிருந்தது. அந்த மிட்டாயை நான் அந்தக் கந்தோர்க் கம்பளத்தில் போட்டு மிதித்தேன்.

பல வருடம் கழித்து, என் சொந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு, அம்மாவிடம் நேரடியாகக் கேட்டேன். அம்மாவுக்குச் சரியாக நினைவு இருந்தது.

"நான் என்ன பொய் சொன்னனான்? அவ அடிச்சவதானே?"

"நீங்களும் அடிச்சனீங்கள்."

"என்னை அதை ஒருத்தரும் கேக்கேல்லை."

இதுதான் அம்மாவின் மறுமொழி. இன்றுவரை இதுதான். உங்களை வளர்க்கத்தான் செய்தேன் என்று ஒருமுறை அழுதிருந்தாலாவது நான் ஆறியிருப்பேன். அப்பா கடைசிவரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. செபமாலை சொல்லிக்கொண்டு நிம்மதியாகச் செத்தார்.

பிள்ளை தகப்பனோடு பலேர்மோவில் இருக்கவேண்டும், தாய் வந்து பார்க்கலாம் என்று முடிவானது. எங்கே இருந்துகொண்டு வந்து பார்ப்பது? வீடு மாமியாருடையது, கையில் வேலை இல்லை. சின்னச் சின்யோரா ஊருக்குப் போய் உழைத்துவிட்டுத் திரும்பி வருவதாகப் புறப்பட்டார். போவதற்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். சீசாவுக்கு, கோழிப் புகைக்குள்ளால், நான்கு மாடி ஏறி. அப்பா கதவைத் திறந்து, திறந்த அளவிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. அம்மாதான் அப்பாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஏசட்டும் என்று காத்திருந்தேன். அவர் ஏசவில்லை. அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். நீதான் நாள் முழுக்க அவனோடு இருக்கப் போகிறாய். நான் அவனோடு பேசுகிற சொற்கள் உனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நாலு சொல், அவனுடைய காதுக்குள் சொல்லு. நான் தொலைபேசி எடுக்கும்போது அவனுக்கு என்னை விளங்கவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

அம்மா ஓம் ஓம் என்று தலையாட்டினார். அழுதார். சின்னச் சின்யோரா அம்மாவின் கையைப் பிடித்தார், அன்றைக்கு மினுக்கிற மேசையடியில் பிடித்த மாதிரியே. பிறகு என் தலையைத் தடவிவிட்டுப் படியிறங்கினார். இப்போதும் யாராவது அழுதுகொண்டு சத்தியம் செய்தால் நான் எழும்பிப் போய்விடுவேன்.

அம்மா நாலு சொல் சொல்லவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதல் கிழமையே நான் கேட்டேன். பெரிய சின்யோரா கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறா, எனக்குப் பயம் பிள்ளை என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி வரும். பெரிய சின்யோரா பக்கத்தில் நிற்க, குழந்தை இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தொடக்கத்தில் கடகடவென்று பேசினானாம். பிறகு கேட்டுக்கொண்டு மட்டும் நின்றானாம். இதையும் அம்மாதான் வந்து சொன்னார், வேறு யாரோ செய்த வேலை மாதிரி.

கிறிஸ்மஸ் விடுமுறையில் நான் மறுபடி அம்மாவோடு போனேன். பெரிய சின்யோராவின் சிநேகிதிகள் சீட்டு விளையாட வந்திருந்தார்கள். வரவேற்பறை முழுக்க வாசனைத் தூளும் தோடம்பழத் தோலும் மணந்தது. குழந்தை தூங்கி எழும்பிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். கொஞ்சம் வளர்ந்திருந்தான். அம்மாவின் பாவாடையைப் பிடித்து, "த்லோ" என்றான்.

தாயின் பேச்சில் அது தண்ணீர். என் தோழியின் வீட்டிலும் கிட்டத்தட்ட அதுதான், திலோ. அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. எத்தனை முறை அந்தச் சொல்லுக்கு எழும்பிப் போய்த் தண்ணீர் வார்த்துக் கொடுத்தவர்.

அம்மா ஒரு கிளாசில் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தார். வந்து, அவன் முன்னால் நின்றார். கொடுக்கவில்லை. கிளாசைத் தன் நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். சீட்டு விளையாடின பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இப்போதெல்லாம் இப்படித்தான் பழக்குகிறோம், இனி கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது என்று பெரிய சின்யோரா அவர்களுக்குச் சொன்னார்.

"த்லோ" என்றான் அவன் மறுபடியும். உதடு காய்ந்திருந்தது. கை இரண்டையும் மேலே நீட்டினான்.

அம்மா நின்றார்.

"த்லோ" என்று அழத் தொடங்கினான்.

நான் போய் அந்தக் கிளாசைப் பறித்தேன். பாதித் தண்ணீர் தரையில் ஊற்றுண்டது. மிச்சத்தை அவனிடம் நீட்டுவதற்குள் அம்மா எனக்குக் கன்னத்தில் அறைந்தார். அத்தனை பேருக்கு முன்னால். அம்மா எனக்கு அதற்கு முன் கை நீட்டியதே இல்லை. காதுக்குள் இரைந்தது. கிளாசை அம்மா என் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் அதே உயரத்தில் பிடித்தார்.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டான். என் கன்னத்தைப் பார்த்தான். அம்மாவின் கையைப் பார்த்தான். பிறகு பெரிய சின்யோராவின் பக்கம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "ஆக்குவா" என்றான். சுத்தமான இத்தாலியன்.

சீட்டு மேசையில் எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா அவனுக்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்து, தானும் தட்டினார்.